மரபணுச் சோதனை வந்துவிட்டது. சட்டம் எப்போது வரும்?

புது தில்லி: டி.என்.ஏ. என்ற சொல் நாடாளுமன்றத்துக்குப் புதியதல்ல. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. 2019 ஜனவரி 8-ஆம் தேதி அங்கு நிறைவேறிய அம்மசோதா, மாநிலங்களவையில் நிறைவேறாமலேயே 16-ஆவது மக்களவையின் ஆயுளோடு காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் அது மீண்டும் அறிமுகமாயிற்று; நிலைக் குழுவின் பரிசீலனைக்கும் சென்றது. 2021 பிப்ரவரியில் குழுவின் அறிக்கை தாக்கலான பிறகும் விவாதத்துக்கு வராமல், 2023 ஜூலை 24-ஆம் தேதி அரசால் திரும்பப் பெறப்பட்டது.

குற்றவாளிகளையும் காணாமற்போனவர்களையும் அடையாளம் தெரியாத சடலங்களையும் டி.என்.ஏ. கொண்டு அறிவதே அம்மசோதாவின் நோக்கம். தனிநபர் அந்தரங்கம் குறித்து உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகளும் பெரும்பாலும் காவல் துறையின் தரவு வங்கியைச் சுற்றியே அமைந்தன. மருத்துவமனையில் எடுக்கப்படும் டி.என்.ஏ. சோதனையின் முடிவைக் காட்டி ஒருவருக்குக் காப்பீட்டையோ வேலையையோ மறுக்கலாமா என்ற கேள்விக்கு விடையளிக்கும் மசோதா ஒன்றும் இதுவரை சட்டமாகவில்லை.

இக்கேள்வி இன்று ஏட்டளவில் நிற்பதல்ல. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் பலரிடம், "மரபணுச் சோதனை செய்து பார்த்துவிடுங்கள்" என்று பெருநகர மருத்துவமனைகளில் மருத்துவர்கள் கூறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அச்சோதனையின் முடிவு அந்தப் பெண்ணைப் பற்றியது மட்டுமன்று. அவருடைய மகள், மகன், தங்கை, அண்ணன், சித்தி, அத்தை என அக்குடும்பத்தில் இன்னும் நோய் வராதவர்களையும் பற்றியது. நோய் வரும் முன்பே எச்சரிக்கை பெறும் இந்த மனிதர்களுக்கு நமது சட்டத்திலும் நலத்திட்டங்களிலும் என்ன இடம் இருக்கிறது என்பதே இப்போதைய பிரச்னை.

எண்ணிக்கை சொல்வது என்ன?

இந்தியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் புதிதாக 1,92,020 பேருக்கு இந்நோய் கண்டது. 98,337 பேர் உயிரிழந்தனர். 29 இந்தியப் பெண்களில் ஒருவருக்கு 74 வயதுக்குள் இந்நோய் வர வாய்ப்புண்டு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020-இல் வெளியிட்ட கணக்கு. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்நோய் வரும் விகிதம் குறைவு. ஆனால் குறைந்த வயதிலேயே வருகிறது, முற்றிய நிலையில் கண்டறியப்படுகிறது.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவன அல்ல. சுமார் 5 முதல் 10 சதவீதமே பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிழையால் விளைபவை. சிறிய பங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புதிதாக நோய் காண்போரில் 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 9,000-க்கும் மேற்பட்ட பெண்கள் என்றாகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால், அதே பிழையைச் சுமக்கக்கூடிய இரத்த உறவினர் பலர் இருக்கின்றனர். புற்றுநோயில் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி மிகக் குறைவு. அக்குறைந்த பகுதியில் இது முக்கியமானது.

பழுது நீக்கும் மரபணுக்கள்

உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. நாள்தோறும் பல்லாயிரம் இடங்களில் சேதமடைகிறது. வெயிலும் புகையும் மட்டுமல்ல, உயிரணுவின் இயல்பான இயக்கமே இதற்குப் போதும். அச்சேதத்தை ஓயாமல் சரிசெய்யும் புரதங்கள் இருப்பதால்தான் உயிர் நிலைத்திருக்கிறது. இந்தப் பழுதுநீக்க முறைகளை விளக்கியதற்காகத் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கு 2015-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டி.என்.ஏ.-வின் இரண்டு இழைகளில் ஒன்று அறுந்தால், மற்ற இழையைப் பார்த்து அதைச் சரிசெய்துவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால், உயிரணுவில் உள்ள மற்றொரு பிரதியைப் பார்த்து எழுதினால்தான் பிழை நேராது. இந்த நுட்பமான வேலைக்குப் பல புரதங்கள் கைகோக்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.-1 என்ற மரபணு தரும் புரதம் அறுந்த இடத்தைச் சீரமைப்புக்கு ஆயத்தப்படுத்துகிறது. பி.ஆர்.சி.ஏ.-2 தரும் புரதம், பிரதியைத் தேடிப் பொருத்தும் மற்றொரு புரதத்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக நிற்பது பி.ஏ.எல்.பி.-2. சேதம் நேர்ந்ததை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பி, உயிரணு பிளவுபடுவதை நிறுத்திவைப்பவை ஏ.டி.எம்., செக்-2 ஆகியவை.

ஒவ்வொரு மரபணுவும் ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகளாக உள்ளது. ஒன்று தாய் வழி, மற்றொன்று தந்தை வழி. ஒரு பிரதி பிழையோடு பிறந்தாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். ஆனால், வாழ்நாளில் என்றோ மார்பகத்தின் ஏதோ ஓர் உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் கெட்டுவிட்டால், அங்கே பழுது நீக்க ஆளில்லை. அறுந்த முனைகள் கண்டபடி ஒட்டப்படுகின்றன, பிழைமேல் பிழை சேர்கிறது, கட்டி உருவாகிறது. பெற்றோரிடமிருந்து வருவது புற்றுநோய் அன்று. புற்றுநோயைத் தடுக்கும் காவலில் ஒரு குறை மட்டுமே என்பது இதன் பொருள்.

இந்தக் குறை தாய் வழியாகத்தான் வரும் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. அது தவறு. தந்தையும் அதே அளவுக்கு மகளுக்கும் மகனுக்கும் கொடுக்கக்கூடும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெண்களே அதிகம் இல்லாத தந்தை வழிக் குடும்பத்தில் இப்பிழை தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமல் கடந்து வரலாம். பி.ஆர்.சி.ஏ.-2 பிழையுள்ள ஆண்களுக்கு விந்துச்சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரும்.

கண்டுபிடிப்பும் காப்புரிமையும்

மார்பகப் புற்றுநோய் பரம்பரையாகவும் வரக்கூடும் என்பதை ஒரு குறிப்பிட்ட மரபணுவைக் காட்டி நிறுவ முடியும் என்று 1980-களில் நம்பியவர்கள் சிலரே. அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங், 23 குடும்பங்களின் வரலாற்றையும் இரத்த மாதிரிகளையும் ஆராய்ந்து, அது 17-ஆவது குரோமோசோமில் இருப்பதாக 1990-இல் அறிவித்தார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.-1 மரபணு முழுமையாக அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஆண்டே பி.ஆர்.சி.ஏ.-2 கண்டறியப்பட்டது.

பின்னர் வந்தது காப்புரிமைப் போர். அமெரிக்காவின் மிரியட் ஜெனெடிக்ஸ் நிறுவனம் இம்மரபணுக்களின் மீது காப்புரிமை பெற்று, அந்நாட்டில் சோதனையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.-வைப் பிரித்தெடுத்தது மட்டுமே கண்டுபிடிப்பாகாது. அதற்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூன் 13-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே வேறு ஆய்வகங்கள் களம் இறங்கின. அதற்கு ஒரு மாதம் முன்புதான், பி.ஆர்.சி.ஏ.-1 பிழை இருப்பதால் நோய் வரும் முன்பே இரு மார்பகங்களையும் அறுவை சிகிச்சை மூலம் நீக்கிக்கொண்டதாக ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி அறிவித்திருந்தார். மரபணுச் சோதனை என்ற பேச்சு இந்திய நாளேடுகளின் முதல் பக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

டி.என்.ஏ.-வை வாசிக்கும் செலவு வீழ்ந்ததும் இதற்குத் துணைநின்றது. சென்னையில் பிறந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சங்கர் பாலசுப்பிரமணியனும் அவருடைய சகா டேவிட் கிளெனர்மனும் உருவாக்கிய வாசிப்பு முறை, ஒரே நேரத்தில் பல மரபணுக்களைச் சோதிப்பதை எளிதாக்கியது. இன்று இந்தியாவிலேயே தனியார் ஆய்வகங்கள் பல இச்சோதனையைச் செய்கின்றன. செலவு இன்னும் பல ஆயிரம் ரூபாய்.

எந்தப் பிழை, எவ்வளவு ஆபத்து?

எல்லாப் பிழைகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பி.ஆர்.சி.ஏ.-1 பிழையுள்ள பெண்களில் 72 சதவீதத்தினருக்கும், பி.ஆர்.சி.ஏ.-2 பிழையுள்ளவர்களில் 69 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. சூலகப் புற்றுநோய்க்கு இது முறையே 44 சதவீதம், 17 சதவீதம். பி.ஏ.எல்.பி.-2 பிழைக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 53 சதவீதம் என 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. ஏ.டி.எம்., செக்-2 பிழைகள் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகின்றன. 1,13,000-க்கும் மேற்பட்ட பெண்களின் 34 மரபணுக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வு, மார்பகப் புற்றுநோயோடு மிக உறுதியான தொடர்புடையவை இந்த ஐந்து மரபணுக்களே என்று நிறுவியது. வணிகச் சோதனைகளில் சேர்க்கப்படும் வேறு பல மரபணுக்களுக்குப் போதிய சான்று இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இந்தச் சதவீதங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டவை என்பதை மறக்கலாகாது. இந்தியத் தரவு மெல்லத்தான் சேர்ந்து வருகிறது. மார்பகம் அல்லது சூலகப் புற்றுநோய் கண்ட 1,010 இந்திய நோயாளிகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில், 304 பேரிடம், அதாவது சுமார் 30 சதவீதத்தினரிடம் நோய் விளைவிக்கும் பிழை இருந்தது. அவற்றில் 85 சதவீதம் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இரண்டில்தான். பரம்பரை வாய்ப்பு உண்டெனச் சந்தேகித்துச் சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் இவர்கள் என்பதால், எல்லா நோயாளிகளுக்கும் இவ்விகிதம் பொருந்தாது. எனினும், யாரைச் சோதிக்க வேண்டும் என்று தேர்ந்து அனுப்பினால் மூவரில் ஒருவருக்கு விடை கிடைக்கிறது என்பதை அது காட்டியது.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாடா நினைவு மையமும் பரம்பரைப் புற்றுநோய்க் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கி வரும் முன்னோடிகள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு பி.ஆர்.சி.ஏ.-1 பிழை, இரண்டே எழுத்துகள் விடுபட்ட பிழை, சென்னையில் ஆராயப்பட்ட குடும்பங்களிலும் காணப்பட்டது. யூதர்களிடமிருந்து வராமல் அப்பிழை இந்தியாவில் தனியே தோன்றியிருக்க வேண்டும் என்று இந்தியக் குடும்பம் ஒன்றின் டி.என்.ஏ.-வை ஆராய்ந்தவர்கள் கருதினர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனையில் ஒரு திரிபு தெரிகிறது. அது தீங்கானதா, இயல்பான வேறுபாடா என்று சொல்லத் தெரியவில்லை. இத்தகைய "பொருள் தெரியாத" முடிவுகள், உலகத் தரவுகளில் குறைந்த இடமே பெற்றுள்ள மக்களுக்கு அதிகம் வருகின்றன. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் தரவு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பயன் சாதாரண நோயாளிக்கு எட்ட வேண்டிய இடங்களில் ஒன்று இதுதான்.

தெரிந்துகொண்டு என்ன பயன்?

பயன் உண்டு என்பதே இச்சோதனைக்கு ஆதாரம். பிழை இருப்பது தெரிந்த பெண்ணுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், 30 வயதிலிருந்து மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. குழந்தைப் பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.-1 எனில் 35 முதல் 40 வயதுக்குள், சூலகங்களையும் கருக்குழாய்களையும் நீக்கிக்கொண்டால் சூலகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது. தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான வழி இல்லாத புற்றுநோய் அது என்பதால் இந்த அறுவை சிகிச்சை உயிர் காப்பதாகவே கருதப்படுகிறது. மார்பகங்களை நீக்கிக்கொள்வது அவரவர் விருப்பத்துக்கு விடப்படும் கடினமான முடிவு.

ஏற்கெனவே நோய் கண்டவர்களுக்கும் பயனுண்டு. பழுதுநீக்கும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட கட்டியில் மற்றொரு வழியையும் மருந்தால் அடைத்துவிட்டால், கட்டியின் உயிரணுக்கள் மடிகின்றன. மற்ற உயிரணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. 2005-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட இந்தத் தத்துவத்தின்மேல் எழுந்ததே ஒலாபரிப் என்ற மாத்திரை. பி.ஆர்.சி.ஏ. பிழையுள்ள, மீண்டும் வரும் அபாயம் மிகுந்த தொடக்க நிலை நோயாளிகளில் அது பலனளிப்பதை 2021-இல் வெளியான பெரும் ஆய்வு உறுதிசெய்தது. சோதனை செய்யாதவருக்கு இம்மருந்துக்குத் தகுதி உண்டா என்பதே தெரியாது. புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட 65 வயது வரையிலான அனைவருக்கும் பி.ஆர்.சி.ஏ. சோதனை அளிக்க முன்வர வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் 2024 ஜனவரியில் பரிந்துரைத்தது இதனால்தான்.

மிகப் பெரிய பயன் குடும்பத்துக்கு. ஒருவரிடம் இன்ன இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், உறவினர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. பிழை இல்லை என்று தெரிய வரும் பாதிப் பேர், ஆயுள் முழுவதும் சுமந்திருக்க வேண்டிய அச்சத்திலிருந்து விடுபடுகின்றனர். இருக்கிறது என்று தெரிபவர்களுக்கு முன்னெச்சரிக்கைக்கு அவகாசம் கிடைக்கிறது.

நீதிமன்றம் காட்டிய வழி

ஆனால் தெரிந்துகொண்டவர் அடுத்து நிற்க வேண்டிய இடம் காப்பீட்டு அலுவலகம். "மரபணுக் கோளாறுகளுக்குக் காப்பீடு கிடையாது" என்ற விலக்கு விதி இந்திய மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் நெடுங்காலம் இருந்தது. பரம்பரை இதய நோய் ஒன்றுக்குச் சிகிச்சை பெற்றவருக்கு இவ்விதியைக் காட்டி அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த வழக்கில், 2018 பிப்ரவரி 26-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம்.சிங் முக்கியத் தீர்ப்பளித்தார். இவ்விதி எல்லையற்றது, தெளிவற்றது, பாகுபாடானது. சமத்துவத்துக்கும் வாழ்வுரிமைக்கும் எதிரானது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் என எத்தனையோ நோய்களில் மரபணுவுக்குப் பங்கு இருக்கும்போது, இவ்விதியை அனுமதித்தால் எதைத்தான் மறுக்க முடியாது என்பதே நீதிமன்றம் முன்வைத்த கவலை.

அடுத்த மாதமே, மரபணுக் கோளாறு என்று கூறி இழப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அத்தீர்ப்பின் ஒரு பகுதிக்குத் தடை விதித்தது. எனினும் 2019 செப்டம்பரில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கக்கூடாதவற்றின் பட்டியலில் மரபணு நோய்களையும் சேர்த்தன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அது எட்டாத இடங்கள் உள்ளன. நோய் வந்தபின் தரவேண்டிய பணத்தைப் பற்றியது அந்நெறி. நோயே வராத, ஆனால் பிழையுள்ளதாகச் சோதனையில் தெரிந்த 28 வயதுப் பெண் புதிதாகக் காப்பீடு கேட்டு விண்ணப்பித்தால் அவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்பதையோ விண்ணப்பத்தையே மறுப்பதையோ தடுக்கும் சட்டம் இல்லை. முக்கியத் தகவல் எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டின் அடிப்படை நியதி. சோதனை முடிவு அத்தகைய தகவல்தானா என்பதற்கும் தெளிவான விடை இல்லை. நோய் வருமுன் செய்யும் அறுவை சிகிச்சை "சிகிச்சை"தானா என்ற கேள்வியும் உண்டு. ஆயுள் காப்பீடு அந்த நெறிகளின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. வேலைவாய்ப்பு பற்றியோ பேச்சே இல்லை. தவிர, ஆணையம் ஒரு சுற்றறிக்கையால் கொடுத்ததை மற்றொரு சுற்றறிக்கையால் மாற்றிவிட முடியும். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் உறுதி அதற்கு இல்லை.

பிற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 2008 மே 21-ஆம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கையெழுத்தைப் பெற்றது. செனட்டில் 95 பேர் ஆதரிக்க, எதிர்ப்பு இல்லை. பிரதிநிதிகள் சபையில் 414 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ஒரே ஒருவர். மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுத் தகவலைப் பயன்படுத்துவதை அது தடுத்தது. ஆயுள் காப்பீட்டை விட்டுவிட்டது அதன் குறை. கனடா 2017-இல் இயற்றிய சட்டம் அதைவிட விரிவானது. அரசமைப்புக்கு உள்பட்டதே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. பிரிட்டனில் அரசுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையிலான உடன்பாட்டின்படி, பெரிய தொகைக்கான ஆயுள் காப்பீட்டில் ஹன்டிங்டன் என்ற ஒரே ஒரு நரம்பு நோயின் சோதனை முடிவைத் தவிர, வருமுன் அறியும் சோதனை முடிவு எதையும் நிறுவனங்கள் கேட்டுப் பெற முடியாது.

இந்தியாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு வாய்ப்பாக இருந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, மரபணுத் தரவை "நுண்ணுணர்வுத் தரவு" என்று தனியே வகைப்படுத்தி, அதற்குக் கூடுதல் பாதுகாப்பு அளித்திருந்தது. 2022 ஆகஸ்டில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. ஒருவருடைய தொலைபேசி எண்ணும் அவருடைய மரபணுத் தகவலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நாடு இது.

திட்டங்களில் இடம் எங்கே?

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. ஏழைப் புற்றுநோயாளிகள் பலருக்கு அது கைகொடுத்துள்ளது. ஆனால், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்ட திட்டம் அது. நோயில்லாத மகளுக்கும் தங்கைக்கும் தேவைப்படும் சோதனையும் தொடர் கண்காணிப்பும் அதன் மையத்தில் இல்லை. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதுவும் நோய் வந்தவர்களுக்கே.

அடிப்படைப் பரிசோதனையே நடக்காத நாட்டில் மரபணுச் சோதனை ஆடம்பரமல்லவா என்ற வாதம் எழுவது இயல்பு. அதில் நியாயமும் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் என்றேனும் ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதமே. செவிலியர் கையால் தொட்டுப் பார்த்துச் செய்யும் பரிசோதனையே நூற்றில் ஒருவரைக்கூட எட்டவில்லை.

ஆனால், எல்லாருக்கும் மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே புற்றுநோய் மையத்துக்கு வந்துவிட்ட நோயாளிகளில் இளவயதினர், குடும்பத்தில் பலருக்கு நோய் உள்ளவர்கள், ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத வகைக் கட்டி உள்ளவர்கள், சூலகப் புற்றுநோய் கண்டவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்ட ஆண்கள் ஆகியோரிடம் தொடங்கினால் போதும். அவர்களுள் பிழை உள்ளவர்களின் உறவினரை மட்டும் அடுத்து அழைத்தால் போதும். குறைந்த செலவில் அதிக ஆபத்துள்ளவர்களைச் சென்றடைய இதைவிட நேர்வழி இல்லை. 2012-இல் தொடங்கி இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்களை இணைக்கும் தேசிய புற்றுநோய் வலையமைப்பு அதற்கான களமாக ஏற்கெனவே இருக்கிறது. இரத்தம் எடுப்பது எளிது. முடிவைப் பொறுமையாக விளக்கிச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை உருவாக்குவதுதான் கடினம்.

விளக்கிச் சொல்வதில்தான் இந்தியக் குடும்பத்தின் நிலையும் கணக்கில் வருகிறது. மகளின் திருமணம் தடைபடும் என்று அஞ்சிச் சோதனை முடிவை மறைக்கும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னால் இழப்பு நிச்சயம், பாதுகாப்பு நிச்சயமில்லை என்ற நிலையில் மறைப்பதே அவர்களுக்கு அறிவாகப் படும். சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் நல்ல மருத்துவ அறிவுரையும் வீணாகிறது. தங்கைக்குத் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணம், அக்காளின் கோப்புக்குள்ளேயே மூடிக் கிடக்கிறது.

நாடாளுமன்றத்தின் கையில்

புற்றுநோய் பற்றி நாடாளுமன்றம் பேசாமல் இல்லை. சுகாதாரத் துறைக்கான நிலைக் குழு 2022 செப்டம்பரில் அளித்த 139-ஆவது அறிக்கை முழுவதும் புற்றுநோய் சிகிச்சையைப் பற்றியதே. புற்றுநோயைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்க அக்குழு பரிந்துரைத்தது. மருந்து விலையும் மருத்துவமனைகளும் கேள்வி நேரத்தில் அடிக்கடி இடம்பெறுகின்றன.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று மத்திய அரசு கூறுவது வழக்கம். இந்தப் பிரச்னையில் அந்த விடை செல்லாது. காப்பீடு, அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 47-ஆவது இனம். மரபணுத் தகவலைக் காட்டிக் காப்பீட்டையும் வேலையையும் மறுப்பதற்குத் தடை விதிக்கும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. அதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அரசு கொண்டுவராவிட்டால் தனிநபர் மசோதாவாக அறிமுகம் செய்ய எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. கட்சி வேறுபாடு குறுக்கிடும் விஷயமும் இதில் இல்லை.

குற்றவாளிகள் உள்ளிட்டோரின் உடல் மாதிரிகளைப் பெறுவதற்கான அடையாளம் காணல் சட்டம் 2022-இல் ஒரே கூட்டத்தொடரில் இரு அவைகளையும் கடந்தது. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையிடம் சொல்லலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கான சட்டம் இன்னும் வரவில்லை.